காதுகுத்துச் சீர்ப் பத்திரம்

"ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா வன்னியம்பட்டிக் கிராமத்திலிருக்கும் காலஞ்சென்ற சவரிமுத்து குமாரர், இந்தியக் கிறிஸ்தவர், சுகஜீவனம், வயது சுமார் அறுபது, இருதயம்."

சர்க்கார் பதிவில் இருதயம் இப்படித்தான் இருக்கிறார். சுகஜீவனம் என்றால் கை அழுக்காகாமல் உட்கார்ந்து சாப்பிட வசதியுள்ளவர் என்று பொருள். இருதயம் உட்கார்ந்திருந்தது உண்மை. ஸ்ரீவில்லிபுத்தூர் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில், சாய்வுப் பெட்டிக்கு முன்னால், காலையிலிருந்து பொழுது சாயும்வரை முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தார். கையில் அழுக்குக்குப் பதிலாக மை இருந்தது. ஐந்து பெண்களைப் பெற்றவர், நெஞ்சில் மூச்சிரைப்பு, வன்னியம்பட்டியிலிருந்து போக வர நடை.

இந்தச் சொல்லை அவருக்குப் போட்டவர் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த இன்னொரு பத்திர எழுத்தர். நாலாவது பெண் கல்யாணத்துக்காக இருதயம் ஒரு துண்டுப் புஞ்சையை விற்றபோது, தன் பத்திரத்தைத் தானே எழுதுவது அழகில்லை என்று அவரிடம் கொடுத்தார். அவரும் யோசிக்கவில்லை. வேலை என்னவென்று சட்டென்று பிடிபடாத எல்லோருக்கும் இருதயமே முப்பது வருஷமாகப் போட்டுவந்த சொல்தானே அது! கூலிக்குப் பருத்தி எடுக்கிற விதவைகள்கூட அவர் பேனாவில் சுகஜீவனம் செய்திருக்கிறார்கள்.

ஊரில் பாதிப் பேருடைய வம்சாவளி இருதயத்துக்குத் தலைகீழ்ப் பாடம். யாருக்கு யார் தாத்தா, எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, எந்தப் பங்காளி எந்த வருஷம் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தான் என்பதெல்லாம் கேட்ட மாத்திரத்தில் சொல்வார். தன் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் அப்பன் பெயரோடு நின்றுவிடுவார். பத்திரத்துக்கு அதற்குமேல் தேவையில்லை, அவருக்கும் தேவைப்பட்டதில்லை.

தேவை வந்தது 1938-ஆம் வருஷம் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பூசை நடுவில்.

கடைசிப் பெண் அன்னாளை ராஜபாளையத்து ஜேசுதாசனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பையன் நூல்மில்லில் வேலை. தகப்பன் இல்லை, தாய் சந்தனமேரி பஞ்சுக் கிட்டங்கியில் விதை பொறுக்கி வளர்த்த பிள்ளை. கத்தோலிக்கர் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் அறிவிப்பார். தடை தெரிந்தவர்கள் பூசை முடிந்து சாமியார் அறைக்குப் போய்ச் சொல்வது மரியாதை. இரண்டாம் ஓலை வாசித்தபோது, எழுபதைத் தாண்டிய ஐயாதுரை அந்த மரியாதைக்குக் காத்திருக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சாமி, தடை இருக்கு."

கோயிலே திரும்பியது.

"பையனோட அப்பாவப் பெத்த தாத்தா ஞானமுத்தும், இந்தா நிக்காரே இருதயம், இவிய அப்பா சவரிமுத்தும் அண்ணன் தம்பி. நான் மாடு மேய்க்கிற வயசுல என் காதால கேட்டிருக்கேன். 'ஏ அண்ணே'ம்பாரு ஞானமுத்து, 'என்னலே தம்பி'ம்பாரு சவரிமுத்து. அண்ணன் தம்பி பேரப்பிள்ளையளுக்குள்ள கலியாணமா? நாளைக்கு ஊரு என்ன சொல்லும்?"

ஊர் நாளைவரை காத்திருக்கவில்லை. கோயில் வாசலிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டது. அண்ணன் தம்பி வழியில் வந்தவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் அண்ணன் தங்கைதான். ஞானஸ்நானம் வாங்கி அறுபது வருஷம் ஆகியும் இந்தக் கணக்கில் மட்டும் வன்னியம்பட்டியார் ஒரு புள்ளியை மாற்றவில்லை.

இருதயத்துக்கு மறுத்துச் சொல்லத் தெரியவில்லை. ஞானமுத்து என்ற பெயரையே பையனுக்குத் தாத்தா என்ற அளவில்தான் கேட்டிருந்தார். தன் தகப்பனோ அவருக்கு எட்டு வயது ஆவதற்குள் இறந்துபோனவர்.

மறுநாளே ராஜபாளையத்திலிருந்து சந்தனமேரி வந்துவிட்டாள். வீட்டுக்குள் நுழையும்போதே பேச்சு தொடங்கிவிட்டது.

"அண்ணே, இது என்ன கூத்து? அவிய அண்ணன் தம்பின்னா நான் ஒங்கள அத்தான்னுல்லா கூப்பிடணும்? எனக்கு வாயில வரமாட்டேங்கு."

"உக்காருங்க, மதினி. செத்த தண்ணி குடிங்க" என்றாள் இருதயத்தின் மனைவி பரிபூரணம்.

"தண்ணி கெடக்கட்டும். விபூதிப் புதனுக்கு முந்தி முடிஞ்சாத்தான் முடிஞ்சது. தவசு காலம் வந்துட்டா உயிர்த்த ஞாயிறு வரைக்கும் தாலி கட்ட விடமாட்டாவ. அம்புட்டு நாளு இந்தப் பேச்ச வச்சுக்கிட்டு நான் மில்லு வாசல்ல நிக்க முடியுமா? இவன் வேற, அந்தப் பிள்ளையத் தவிர வேற பிள்ள வேண்டாம்னு சோத்தத் தள்ளிவச்சிட்டு உக்காந்திருக்கான். இல்லைன்னு ருசுப்படுத்துங்க அண்ணே. ஊருக்கே ருசு எழுதிக் குடுக்கீய, நம்ம வீட்டுக்கு ஒண்ணு எழுதக்கூடாதா?"

உள்ளறையில் அன்னாள் முறத்தைத் தட்டுகிற சத்தம் நின்றது. பெற்ற ஐந்தில் இவள் ஒருத்திதான் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டபோது சிரித்தவள். இருதயம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் புறப்பட்டார்.

சாமியார் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்து வைத்தார். தாது வருஷப் பஞ்சம் முடிந்த கையோடு கூட்டங்கூட்டமாகச் சேர்ந்தவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். சவரிமுத்துவும் ஞானமுத்துவும் ஒரே பக்கத்தில், ஒரே நாளில் இருந்தார்கள். பெற்றோர் என்ற இடத்தில் இருவருக்கும் லத்தீனில் ஒரே சொல்.

"என்ன சாமி அது?"

"அஞ்ஞானிகள்" என்றார் சாமியார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா அம்மான்னு அர்த்தமா?"

"அந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லோருக்குமே அந்த அப்பா அம்மாதான், இருதயம்."

ஞானத்தகப்பன் என்ற இடத்திலும் பக்கம் முழுக்க ஒரே பெயர். அன்றைக்கு ஊரில் இருந்த ஒரே பழைய கிறிஸ்தவர் உபதேசியார். அவரே எல்லா ஆண்களையும் தலைதொட்டு ஏந்தியிருந்தார். இருதயத்துக்கு இங்கே ஒரு சந்தேகம் தட்டியது. ஒரே ஞானத்தகப்பன் ஏந்திய பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அண்ணன் தம்பி என்று அழைப்பது வழக்கம். ஐயாதுரை கேட்டது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த அண்ணன் தம்பி உபதேசியார் கைப்பட்ட அண்ணன் தம்பியாக இருந்தால்? அப்படிப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் இருக்கிற பாதி ஊரும் பங்காளி. இத்தனை வருஷம் நடந்த கல்யாணம் எல்லாம் பாவம்.

சாமியார் தலையசைத்தார். "இருக்கலாம். ஆனால் 'இருக்கலாம்' என்பதை வைத்து நான் மூன்றாம் ஓலை வாசிக்க முடியாதே." பக்கத்தைத் திருப்பினவர் நின்றார். "இதோ, உன்னுடையதும் இருக்கிறது. கைக்குழந்தை. தகப்பன் சவரிமுத்து. தாய்..." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "தாய், அஞ்ஞானி, காலமானவள்."

"எங்கம்மா பேரு அருளாயி, சாமி. ஞானஸ்நானம் வாங்கினவ. யுத்தம் முடிஞ்ச வருஷம் விஷஜுரத்துல செத்தா. நான்தானே மண்ணள்ளிப் போட்டேன்?"

"எழுதினவர் தவறியிருப்பார்."

எழுதுகிறவர்கள் தவறுவார்கள் என்பது இருதயத்துக்குத் தெரியும். வயதில் தவறுவார்கள், சர்வே நம்பரில் தவறுவார்கள், வடக்கைத் தெற்கு என்பார்கள். உயிரோடு இருக்கிற ஒருத்தியை வேலையற்றுப் போய்ச் சாகடிக்க மாட்டார்கள். நடந்து வீடு வந்து சேர்ந்ததும் பழைய காகிதங்களைக் கிளறினார்.

டிரங்குப் பெட்டியின் அடியில் அவர் குடியிருந்த வீட்டின் கிரயப் பத்திரம் இருந்தது. ஊரார் வீட்டுப் பத்திரங்களை எழுத்தெண்ணிப் படித்தவர் தன் வீட்டுப் பத்திரத்தைப் படித்ததே இல்லை. வில்லங்கம் வந்தால்தானே படிக்க வேண்டும். இப்போது வாசற்படியில் வெளிச்சத்துக்கு உட்கார்ந்து படித்தார். தகப்பன் சவரிமுத்து அந்த வீட்டை வாங்கியது தன் பெயருக்கு அல்ல. 'நாலு வயது மைனர் குமாரன் இருதயத்துக்காக, மேற்படி மைனருக்குப் பாத்தியப்பட்ட கூமாப்பட்டிப் புஞ்சையை விற்ற வகையில்' வாங்கியதாக இருந்தது.

"ஏட்டி, பரிபூரணம். எனக்குக் கூமாப்பட்டியில புஞ்ச இருந்திருக்கு."

"இருந்திருக்கும். நீங்கதான் சுகஜீவனமாச்சே."

"வெளையாடாத. நாலு வயசுப் பிள்ளைக்கு ஏது நெலம்? யாரோ குடுத்திருக்கணும்லா? எதுக்குக் குடுத்தாவ?"

பரிபூரணம் அடுப்பை விட்டு எழுந்து வந்து, படிக்கத் தெரியாத பத்திரத்தை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "பெத்தவ வீட்டுக்காரவியதான் குடுப்பாவ. வேற யாரு குடுக்கா இந்தக் காலத்துல?"

மறுநாள் இருதயம் வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறக்கவில்லை. நேரே ஆபீஸுக்குள் போனார். ரிக்கார்டு அறை வைகுண்டராஜின் ராஜ்ஜியம். ராஜபாளையத்துக்காரர், சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் முதல் சொல் தெலுங்கில் வரும்.

"ஏமய்யா இருதயம், யாருக்கு வில்லங்கம் பாக்கணும்?"

"எனக்குத்தான்."

"ஒமக்கா? ஒம்மையே ஒரு வில்லங்கம்னுதானே ஆபீஸ்ல எல்லாரும் சொல்லுதாவ."

இருதயம் விஷயத்தைச் சொன்னார். வைகுண்டராஜ் கேலியை நிறுத்திவிட்டு மனுவை வாங்கிக்கொண்டார். முதலில் பெயர் அட்டவணையைப் பார்த்தார்கள். சவரிமுத்து என்ற பெயரில் வீட்டுக் கிரயத்துக்கு முந்தின வருஷங்களில் ஒன்றும் இல்லை. ஞானமுத்துவும் இல்லை. புதுப் பெயர் வைத்த மனிதர்கள் ஆபீஸுக்கு வரும்போது பழைய பெயரைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள், மைனர் பிள்ளையையும் தகப்பனின் அந்தப் பெயரின் கீழேயே ஏற்றியிருப்பார்கள். அந்தப் பழைய பெயர் உயிரோடிருக்கிற ஒருவருக்கும் தெரியாது.

"இதோட முடிஞ்சுது" என்றார் வைகுண்டராஜ்.

"முடியல. ஊரு அட்டவணைய எடும். மனுசந்தான் பேர மாத்துவான். நெலத்துக்கு ஏது ஞானஸ்நானம்?"

கூமாப்பட்டி அட்டவணையை எடுத்தார்கள். வீட்டுப் பத்திரத்தில் இருந்த புஞ்சையின் நான்கு எல்லைகளை இருதயம் வாயால் சொல்லச் சொல்ல, வைகுண்டராஜ் விரலால் தேடிக்கொண்டே வந்தார். கிழக்கே ஓடை, மேற்கே கோயில் மானியம். ஓடை நகரவில்லை, மானியமும் நகரவில்லை. விரல் ஓரிடத்தில் நின்றது. அந்த வால்யூம் பரண்மேல் இருந்தது. வைகுண்டராஜே ஏணி வைத்து ஏறி, தூசியோடு இறங்கி, இருமிக்கொண்டே பக்கத்தை விரித்து வைத்தார்.

பஞ்சம் முடிந்த பகுதானிய வருஷத்துப் பத்திரம். ஒரு புள்ளி, ஒரு காற்புள்ளி இல்லாத பழைய நடை. இருதயம் எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டிய நடைதான். இப்போது வால்யூமை எதிர்ப்பக்கம் தள்ளினார். வைகுண்டராஜ் வாசித்தார்.

"கூமாப்பட்டியிலிருக்கும் மாடசாமி என்ற ஞானமுத்து, வன்னியம்பட்டியிலிருக்கும் கருப்பன் என்ற சவரிமுத்து குமாரன் மைனர் இருதயத்துக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரம் என்னவென்றால், என் உடன்பிறந்த சகோதரியும் மேற்படி மைனரைப் பெற்ற தாயாருமான வெள்ளத்தாய், கொடும்பஞ்சத்தில் சீர்வகை ஒன்றுமில்லாமல் வாழ்க்கைப்பட்டுப் போய், மேற்படி மைனரைப் பெற்ற சில தினங்களில் இறந்துபோனபடியால், தாய்மாமன் முறையில் நான் செய்யவேண்டிய காதுகுத்துச் சீருக்காக..."

வைகுண்டராஜ் நிமிர்ந்தார். "தாய்மாமன்! கேட்டீரா? பங்காளி இல்ல. ஒங்கப்பாவும் ஞானமுத்தும் மச்சினமாருவே. பிள்ளையளுக்கு முறை சுத்தமா இருக்கு. எழுந்திரும், போய்ச் சொல்லும்."

இருதயம் எழுந்திருக்கவில்லை.

"வெள்ளத்தாய்" என்றார். பிறகு, "அந்த இடத்த மட்டும் இன்னொருக்க வாசியும்" என்றார்.

வைகுண்டராஜ் வாசித்தார். பேச்சு எதுவும் சேர்க்காமல் வாசித்தார்.

அறுபது வயதுக்குமேல் ஒருவருக்குப் பெற்றவள் பெயர் தெரியவருவதை எப்படிக் கொண்டாடுவது என்று வழக்கம் எதுவும் ஏற்படவில்லை. இருதயம் சாட்சிக் கையெழுத்துகளைப் பார்த்தார். அதற்கும் கீழே, பத்திரம் எழுதுகிறவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிற கடைசி வரியைப் பார்த்தார். 'இது எழுதியது தவசிமுத்து' என்று இருந்தது.

தொழில்காரரான இருதயம் அந்த வரியில் விரலை வைத்தார். இந்தத் தானத்துக்கு வெள்ளத்தாய் என்ற பெயர் தேவையே இல்லை. கொடுப்பவன் பெயர், வாங்குகிற மைனர் பெயர், தகப்பன் பெயர், நான்கு எல்லை, பத்திரம் செல்லும். 'இறந்துபோன என் சகோதரி' என்று போட்டால் தாராளம். இருதயமாக இருந்தால் அப்படித்தான் போட்டிருப்பார். கை வலிக்கும் என்று 'சகோதரி'யைக்கூட விட்டிருப்பார். தவசிமுத்து என்ற ஒருவர், யார் கேட்டும் அல்ல, "ஒந்தங்கச்சி பேரு என்னப்பா?" என்று ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டிருக்கிறார்.

நகல் வாங்கிக்கொண்டு இருதயம் சாமியாரிடம் போனார். இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தார். சாமியார் நகலைப் படித்தார், மகிழ்ந்தார், பிறகு தாடியைத் தடவினார்.

"நல்லது, பங்காளி இல்லை என்று காட்டிவிட்டாய். ஆனால் சொந்தம் என்று காட்டிவிட்டாயே."

"ஆமா சாமி. மச்சான் மகன்."

"உங்கள் ஊர்க் கணக்கில் அது முறை. திருச்சபைக் கணக்கில் அது மூன்றாம் தலைமுறை இரத்த உறவு. அதுவே தடை. நீ தேடாமல் இருந்திருந்தால், சொந்தம் என்றே யாருக்கும் தெரிந்திருக்காது."

சொந்தம் இல்லை என்று ருசுப்படுத்தப் போய்ச் சொந்தத்தோடு திரும்பிய மனிதரை இப்போது ஊர்க் கணக்கு விட்டது, கோயில் கணக்கு மறித்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமியாருக்கும் வந்துவிட்டது.

"பிஷப் மேற்றிராணியாருக்கு எழுதுகிறேன். இந்த உறவுக்கு விலக்குக் கொடுக்க மறுக்க மாட்டார். நகலை என்னிடம் கொடு."

விலக்கு விபூதிப் புதனுக்கு முந்தின வாரம் வந்தது. இடைப்பட்ட நாட்களில் சந்தனமேரி ராஜபாளையத்துக்கும் வன்னியம்பட்டிக்குமாக நடந்து, நகலில் இருந்ததைத் தன் வாயால் ஊர் முழுக்கப் பதிவு செய்தாள். "நான் மொதல்லயிருந்தே அண்ணேன்னுதானே கூப்பிட்டேன்? என் நாக்குக்குத் தெரிஞ்சது ஐயாதுரைக் காதுக்குத் தெரியல பாத்தியளா?" என்று எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் கேட்டாள். மூன்றாம் ஓலை வாசித்தபோது கோயிலில் ஒருவரும் எழவில்லை. ஐயாதுரை உட்கார்ந்த இடத்திலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "முறைதான், முறைதான்" என்றார்.

திங்கட்கிழமை கல்யாணம். தாலி கட்டி முடிந்து தாம்பூலத் தட்டை எடுத்த இருதயம், பெரிய மனிதர்கள் வரிசையைத் தாண்டிப் போய் முதல் வெற்றிலையை ஐயாதுரை கையில் வைத்தார். கிழவர் திகைத்தார்.

"எனக்கா? நான் தடை சொன்னவம்லாவே?"

"நீரு சொல்லலைன்னா எங்கம்மா பேரு தெரியாமலே போயிருப்பேன். பிடியும்."

"நக்கலு பண்ணுதீரா?"

"இல்லவே. சத்தியமா நன்றிக்கித்தான்."

ஐயாதுரை நம்பினாரா என்பது தெரியாது. வெற்றிலையைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் இருதயமும் பரிபூரணமும் கல்லறைக்குப் போனார்கள். வெள்ளத்தாய்க்கு அங்கே இடமில்லை. ஞானஸ்நானத்துக்கு முன்பே போனவள், எந்த ஓடைக்கரையில் வைத்தார்களோ. அவர்கள் நின்றது, அப்பா இரண்டாவதாகக் கட்டி இருதயத்தை வளர்த்த அருளாயியின் சிலுவைக்கு முன்னால். பரிபூரணத்துக்கு மாமியார்மேல் பழைய மனத்தாங்கல்கள் இரண்டொன்று உண்டு. அன்றைக்கு அவளே மெழுகுவர்த்தியைப் பொருத்தினாள்.

"பெத்தவ இல்லைங்கிறது கடைசி வரைக்கும் ஒங்களுக்குத் தெரியலயே. அம்புட்டு நல்லா வளத்திருக்கா."

"அடிக்கும்போதுகூடத் தெரியல" என்றார் இருதயம்.

தான் பிறந்ததிலிருந்து இரண்டு தாய்மாரின் தயவில் இருந்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருத்தி சோறு போட்டாள். இன்னொருத்தி, ஒரு பிடி சீர்கூட இல்லாமல் வாழ்க்கைப்பட்டவள், செத்த பிறகு அண்ணன் கையால் புஞ்சை அனுப்பினாள். அது வீடாக மாறி, அந்தக் கூரையின்கீழ் ஐந்து பெண்களும் பிறந்து வளர்ந்து கல்யாணமாகிப் போயிருந்தார்கள். ஞானமுத்து என்ற மாமனுக்கும் வாயால் ஒரு ஸ்தோத்திரம் சொன்னார். காது குத்தும்போது அந்த மனிதர் மடியில்தான் உட்கார்ந்து அழுதிருக்க வேண்டும், நினைவில்லை.

தவசிமுத்து யார், எந்த ஊர், பிள்ளைகுட்டி உண்டா என்று ஆபீஸிலும் வெளியிலும் விசாரித்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் எழுதின வேறு பத்திரங்கள் சிலவற்றை வைகுண்டராஜ் எடுத்துக் காட்டினார். எழுத்து கோழி கிண்டியதுபோல் இருந்தது, சந்தி ஒன்றும் சரியில்லை. இருதயம் தொழில்முறையில் முகம் சுளித்தார். பிறகு சுளித்ததற்காக அந்தப் பக்கத்தைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பழைய வால்யூம்கள் பேசும் என்ற செய்தி மரத்தடியில் பரவியது. பஞ்சத்தில் பிரிந்த சித்தப்பன் வழியைத் தேடி ஒருவர், மதுரைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அத்தை வழியைத் தேடி ஒருவர் என்று வந்தார்கள். சிலருக்குக் கிடைத்தது; சிலருக்குக் கிடைக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதுபோல் கிடைத்தது. எல்லோரையும் வைகுண்டராஜ் பொறுத்துக்கொண்டார். "ஒம்மாலதான்வே என் பரணு சுத்தமாச்சு" என்று மட்டும் சொல்வார்.

புதுசாக வந்த சப்-ரிஜிஸ்திரார் ஒருவர், இருதயம் எழுதிய பத்திரங்களில் வேண்டாத ஒரு வரி இருப்பதாகக் கண்டுபிடித்துக் கூப்பிட்டனுப்பினார்.

"இது எந்த விதியில் இருக்கிறது?"

"எந்த விதியிலயும் இல்லீங்க."

"பின்னே?"

"எழுதக்கூடாதுன்னும் எந்த விதியிலயும் இல்லீங்க."

சப்-ரிஜிஸ்திரார் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரையைப் போட்டார்.

அன்னாள் கல்யாணத்துக்குப் பிறகு, கை நடுங்கிப் பேனாவைக் கீழே வைக்கும்வரை, இருதயம் எழுதிய ஒவ்வொரு பத்திரத்திலும் தகப்பன் பெயருக்கு அடுத்து, தாயின் பெயரையும் கேட்டு எழுதினார்.